பிரான்ஸின் ருசிக்கு ஒரு வட்டாரம் போதும்

பர்கண்டியில், டிஜோன் நகரிலிருந்து தெற்கே போகும் வழியில் வூஜோ என்றொரு சிற்றூர். ஊரை ஒட்டி நீளமாக ஓடுகிறது ஒரு கல் மதில். இடைக்காலத்தில் சிஸ்டர்சியன் துறவிகள் எழுப்பியது. மதிலுக்கு உள்ளே இருக்கும் திராட்சைத் தோட்டம் மொத்தமே சுமார் 50 ஹெக்டேர். ஏக்கர் கணக்கில் 125ஐத் தாண்டாது. அந்த நிலத்துக்கு இன்று ஏறத்தாழ 80 உரிமையாளர்கள். அவர்களில் சிலருக்குச் சொந்தமானது சில வரிசைக் கொடிகள் மட்டுமே.

பெரிய பேருந்து ஒன்று அந்த மதிலோரம் வந்து நின்றால், படம் எடுத்துக்கொள்ளக் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடும். அடுத்த ஊர் காத்திருக்கிறது. எட்டுப் பேரோடு வரும் சிறிய வேனின் வழிகாட்டி அப்படிச் செய்வதில்லை. பயணிகளை இறக்கி, தோட்டத்தின் மேல்பக்கம் வரை நடத்திக் கூட்டிப்போகிறார். அங்கே சுண்ணாம்புக்கல் கலந்த மண். மழை பெய்தால் நீர் நிற்காது. அப்படியே சரிவில் இறங்கிச் சாலையோரம் வந்தால் காலில் ஒட்டும் களிமண். ஒரே மதில், ஒரே பெயர், ஆனால் மேல்துண்டின் ஒயினும் கீழ்த்துண்டின் ஒயினும் ஒன்றல்ல. மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு, பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தின் நிலவறைக்குப் போய் இரண்டு வெவ்வேறு துண்டு நிலங்களின் ஒயினை அடுத்தடுத்து ருசித்தால் விஷயம் நாக்கிலேயே விளங்கிவிடும்.

இரண்டு பயணங்களும் விற்கப்படுவது ‘பர்கண்டி ஒயின் சுற்றுலா’ என்ற ஒரே பெயரில்தான். விளம்பரத்தில் இருப்பதும் அதே மதிலின் படம்தான். பணம் கட்டுவதற்கு முன்னால் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது எப்படி என்பதுதான் பிரான்ஸில் உணவும் ஒயினும் தேடிப் போகிறவர்கள் கேட்டுக்கொள்ள வேண்டிய முதல் கேள்வி.

பிரான்ஸில் ருசி என்பது ஊரோடு கட்டப்பட்டது. சட்டமே அப்படித்தான் கட்டிவைத்திருக்கிறது. நம் ஊரில் புவிசார் குறியீடு என்கிறோமே, அதன் மூத்த வடிவம் அங்கே தோன்றியது. ரோக்ஃபோர் சீஸுக்கு 1925இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. செம்மறியாட்டுப் பாலில் செய்த அந்தச் சீஸ், ரோக்ஃபோர் ஊரின் கொம்பலூ மலைக் குகைகளில் முதிர்ந்தால்தான் அந்தப் பெயருக்குத் தகுதி பெறும். ஒயினுக்கான பெயர்களைக் காக்க 1935இல் ஒரு தேசிய அமைப்பே ஏற்பட்டது. எந்தத் திராட்சையை எங்கே நடலாம், எந்தப் பசுவின் பாலில் எந்தச் சீஸைச் செய்யலாம் என்பதெல்லாம் எழுதிவைத்த விதிகள். ஆகவே வட்டாரத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே தட்டில் என்ன விழும் என்பது பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது.

பாரிஸில் தங்கி ஒரே ஒரு நாள் ஒதுக்க முடிந்தவர்களுக்கு ஷாம்பேன் வட்டாரம் சரி. கார் து லெஸ்ட் நிலையத்தில் ரயிலேறினால் சுமார் 45 நிமிடத்தில் ரேம்ஸ் நகர். ரோமானியர் காலத்தில் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுத்த ஆழமான பள்ளங்கள்தாம் இன்று அங்குள்ள சில பெரிய நிறுவனங்களின் நிலவறைகள். கோடையிலும் உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம். அங்கே பார்க்க வேண்டியது நிலவறைதான். சாப்பாட்டுக்கென்று தனியாகப் போக வேண்டிய வட்டாரம் அது இல்லை.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு அல்ஸாஸ் பிடிக்கும். மார்லென்ஹைம் முதல் தான் என்ற ஊர்வரை சுமார் 170 கிலோமீட்டர் நீளும் அதன் ஒயின் பாதை 1953இல் தொடங்கப்பட்டது. மரச்சட்டமிட்ட வண்ண வீடுகள், வெள்ளை ஒயின், புளிக்கவைத்த முட்டைக்கோஸ், பன்றி இறைச்சி. ஜெர்மனிக்கும் பிரான்ஸுக்கும் மாறி மாறிக் கைமாறிய மண் என்பது சமையலில் தெரியும்.

போர்தோ பெரிய மாளிகைகளின் ஊர். மூன்றாம் நெப்போலியன் காலத்தில், 1855இல், பாரிஸ் கண்காட்சிக்காகப் போட்ட ஒயின் தரவரிசையை இன்றும் அங்கே பெருமையோடு சொல்கிறார்கள். வரவேற்பு அழகாக இருக்கும். ஆனால் முன்பதிவில்லாமல் வாசலைத் தாண்ட முடியாத இடங்கள் பல. பேச வருபவர் பெரும்பாலும் அங்கே வேலை பார்க்கும் வரவேற்பாளர். தோட்டத்தில் கவாத்துக் கத்தரி பிடிப்பவரைப் பார்ப்பது அரிது.

சாப்பாடுதான் முதல், ஒயின் பக்கத்துணை என்பவர்கள் லியோனுக்குப் போகலாம். பாரிஸிலிருந்து ரயிலில் இரண்டு மணி நேரம். அந்நகரின் பெயரை நிலைநாட்டியவர்கள் வீட்டு வேலையிலிருந்து சொந்த உணவகத்துக்கு உயர்ந்த பெண்கள். அவர்களில் ஒருவரான யூஜெனி பிராஸியே 1933இல் தம்முடைய இரண்டு உணவகங்களுக்கும் மிஷ்லான் கையேட்டின் மூன்று நட்சத்திரங்களைப் பெற்றார். தென்மேற்கே பெரிகோர், வாத்துக்கும் அக்ரூட் கொட்டைக்கும் பேர்போனது. சார்லா நகரின் புதன், சனிக்கிழமைச் சந்தைகளுக்காகவே அங்கே போகலாம். ஒன்று மட்டும்: அங்குள்ள பல சுற்றுலாக்களில் ஃபுவா கிரா பண்ணை இடம்பெறும். வாத்துக்குக் குழாய் வைத்துத் தீவனம் புகட்டி ஈரலைக் கொழுக்கவைக்கும் முறை அது. பார்க்க மனம் ஒப்பாதவர்கள் முன்கூட்டியே கேட்டு அதைத் தவிர்த்துவிடுவது நல்லது.

இத்தனை வட்டாரங்களில் முதல்முறை போகிறவர்களுக்கு எதைச் சொல்வது? பர்கண்டியையும், அதன் கிழக்கே மலையோரம் இருக்கும் ஜூராவையும்தான் இந்தக் கட்டுரை பரிந்துரைக்கும். இரண்டும் சேர்ந்து நான்கு நாள். காரணம், இங்கே பெரும்பாலும் தோட்டங்கள் சிறியவை, குடும்பங்களின் கையில் இருப்பவை. கதவைத் திறப்பவரே பல இடங்களில் ஒயினையும் செய்பவர்.

பர்கண்டியைச் சுற்றிப் பார்க்க, போன் என்ற நகரில் தங்குவது வசதி. அங்கே பல வண்ண ஓடுகள் வேய்ந்த கூரையோடு நிற்கும் பழைய மருத்துவமனையை, பர்கண்டிக் கோமகனின் அமைச்சர் நிக்கோலா ரோலன் 1443இல் ஏழைகளுக்காக நிறுவினார். மக்கள் அதற்குத் தோட்டங்களைத் தானமாக எழுதிவைத்தார்கள். அந்தத் தோட்டங்களின் ஒயின் 1859 முதல் ஏலத்தில் விற்கப்படுகிறது. பணம் மருத்துவப் பணிகளுக்குப் போகிறது. இன்றும் ஆண்டுதோறும் நவம்பர் மூன்றாம் ஞாயிறு அந்த ஏலம் நடக்கும். அந்த வாரம் ஊரில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

டிஜோனுக்கும் தெற்கே மரான்ஜ் கிராமங்களுக்கும் இடையில் பெயரிட்டு எல்லை வகுத்த 1,247 துண்டு நிலங்களை 2015இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்த மண்ணை ஓடும் பேருந்தின் ஜன்னல் வழியே பார்த்துப் பயனில்லை. ஒரு சரிவில் அரைமணி நேரம் நடக்க வேண்டும். சாப்பாட்டு மேசையிலும் அதே பாடம்தான் நடக்கும். சனிக்கிழமை காலைச் சந்தைக்கு வழிகாட்டியோடு போய், எப்புவாஸ் என்ற நெடியடிக்கும் சீஸையும், கருப்புத் திராட்சை போலிருக்கும் காஸிஸ் பழத்தில் செய்த பாகையும் வாங்கி, மதியம் அங்கேயே உட்கார்ந்து சாப்பிடும் ஏற்பாடு இருந்தால் அந்தப் பயணத்தை நடத்துகிறவருக்கு ஊர் தெரியும் என்று நம்பலாம். கடுகு ஆலையும் பார்க்கத் தக்கதே. போன் நகரில் 1840இல் தொடங்கிய ஃபாலோ ஆலையில் இன்றும் கல் இயந்திரத்தில் கடுகை அரைக்கிறார்கள். டிஜோன் கடுகு என்பது செய்முறையின் பெயர்தான். எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். விதையின் பெரும்பகுதி கனடாவிலிருந்து வந்துகொண்டிருந்ததால், அங்கே 2021இல் வறட்சி வந்தபோது மறு ஆண்டு பிரெஞ்சுக் கடைகளில் கடுகு போத்தல்கள் காணாமல் போயின. பர்கண்டி மண்ணிலேயே விளைந்த கடுகுக்குத் தனிப்பெயர் உண்டு. இந்தக் கதையைச் சொல்லாமல் ஆலையின் கடைக்கு மட்டும் கூட்டிப்போய்த் திரும்பும் பயணங்களும் இருக்கின்றன.

ஜூராவில் ஒரு இரவு தங்க வேண்டும். கொம்தே சீஸின் நாடு அது. ஒரு சக்கரம் ஏறத்தாழ 40 கிலோ. அதற்குச் சுமார் 400 லிட்டர் பால், பெரும்பாலும் மொம்பெலியார் என்ற செம்புள்ளிப் பசுவினுடையது. நான்கு மாதமாவது முதிர்ந்தால்தான் விற்கலாம். பல சக்கரங்கள் ஓராண்டு, இரண்டாண்டு என்று மரப்பலகைகளில் காத்திருக்கின்றன. மலைமேல் இருக்கும் சாந்த்-அந்துவான் கோட்டை, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ராணுவத்துக்காகக் கட்டப்பட்டது. மண் மூடிய அதன் கல் மண்டபங்களில் இன்று நிறைந்திருப்பது சீஸ்தான்.

உள்ளே நுழைந்ததும் அம்மோனியா நெடி மூக்கைத் தாக்கும். முதிர்ச்சி பார்க்கும் தொழிலாளி, கையில் ஒரு சிறு உலோகத் துளைக்கருவியோடு வருகிறார். முதலில் அதன் கைப்பிடியால் சக்கரத்தின் மேல் தட்டிக் காது கொடுக்கிறார். உள்ளே வெடிப்பு இருந்தால் சத்தம் மாறும். பிறகு கருவியைக் குத்தித் திருகி விரல் நீளத்துக்கு ஒரு உருளையை இழுத்து, மோந்து பார்த்து, நுனியைக் கிள்ளி விரலிடுக்கில் பிசைந்து சுவைக்கிறார். மிச்ச உருளையை வந்த துளையிலேயே செருகி, விரலால் வழித்து மூடிவிடுகிறார். எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். இதைக் கண்ணால் பார்த்த பிறகு எட்டு மாதச் சீஸையும் 24 மாதச் சீஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தின்பது வேறு அனுபவம். கூடவே அந்த வட்டாரத்தின் மஞ்சள் ஒயின் வரும். பீப்பாயில் குறைந்தது ஆறு ஆண்டுகள் காத்திருந்து, 62 சென்டிலிட்டர் கொள்ளும் குட்டைப் போத்தலில் அடைக்கப்படுவது.

இப்போது நிகழ்ச்சி நிரலை எடுத்து வாசிக்கலாம். சுற்றுலாவின் தரம் அந்த ஒரு தாளில் இருக்கிறது.

முதலில் வினைச்சொற்களைப் பாருங்கள். ‘ரோமனே-கொந்தி தோட்டம் பார்வையிடல்’ என்று பல நிரல்களில் இருக்கும். உலகின் மிக விலையுயர்ந்த ஒயின்களில் ஒன்று விளையும் அந்த நிலம் 1.8 ஹெக்டேர்; அதன் நிறுவனம் பொதுமக்களை நிலவறைக்குள் அனுமதிப்பதில்லை. ஆகவே பார்வையிடல் என்றால் சாலையோரச் சிறு சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு கற்சிலுவையைப் பார்ப்பது. அதில் தவறில்லை, எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள். அந்த வரியை நம்பி ஒயின் கிடைக்கும் என்று போனால்தான் ஏமாற்றம். ‘வழியில் காண்பது’, ‘நின்று பார்ப்பது’, ‘உள்ளே சென்று ருசிப்பது’ என்ற மூன்றும் வெவ்வேறு என்பதை மனதில் வைத்து ஒவ்வொரு வரியையும் படிக்க வேண்டும்.

அடுத்தது எண்ணிக்கை. ஒரு நாளில் இரண்டு நிலவறை, ஒரு நல்ல மதிய உணவு; அதுவே நிறைவு. நான்கு நிலவறை என்று போட்டிருந்தால் மூன்றாவதில் நாக்கு மரத்துவிடும். பிரெஞ்சுக் கிராமங்களில் மதியம் 12 முதல் 2 வரை கடையும் கதவும் சாத்தியிருக்கும். ஞாயிறன்று பல தோட்டக் குடும்பங்கள் யாரையும் சந்திப்பதில்லை. மதியம் ஒரு மணிக்கு நிலவறை, ஞாயிறு மாலை தோட்டம் என்று நிரலில் இருந்தால், அது பெரிய கூட்டத்துக்கென்றே திறந்துவைத்த விற்பனைக் கூடமாக இருக்கும் வாய்ப்பு அதிகம்.

ஏழு நாளில் ரேம்ஸ், கொல்மார், போன், லியோன், போர்தோ என்று வரைபடம் முழுக்கக் கோடு இழுக்கும் பேக்கேஜ்கள் நம் ஊர் முகவர்களிடம் நன்றாக விற்கின்றன. ‘இவ்வளவு செலவு செய்து போகிறோம், எல்லாவற்றையும் பார்த்துவிடலாமே’ என்ற நியாயமான ஆசை அதற்குக் காரணம். ஆனால் பகலின் பாதி சாலையில் கழியும், பெட்டி தினமும் கட்டி அவிழ்க்க வேண்டும், சாப்பாடு எங்கே பேருந்து நிற்குமோ அங்கே. ருசிக்காகப் போகிற பயணத்தில் இது பெரிய இழப்பு.

குழுவின் அளவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரான்ஸில் சாதாரண கார் ஓட்டுநர் உரிமத்தில் ஓட்டுநரோடு சேர்த்து ஒன்பது இருக்கை வண்டிவரை ஓட்டலாம். அதனால்தான் சிறு குழுச் சுற்றுலாக்கள் எட்டுப் பேரோடு நிற்கின்றன. எட்டுப் பேர் ஒரு குடும்பத்தின் நிலவறையில் பீப்பாய்களுக்கு நடுவே நிற்கலாம். முப்பது பேர் நிற்க இடமிருக்காது. எனவே ‘சிறிய குழு’ என்ற விளம்பர வாசகத்தோடு நின்றுவிடாமல், அதிகபட்சம் எத்தனை பேர் என்று எண்ணைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாடகைக் கார் எடுத்து நாமே சுற்றலாமே என்று தோன்றும். பிரான்ஸில் ஓட்டுநரின் ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வந்தால் குற்றம். புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு 0.2. இரண்டு தோட்டங்களில் சில கிண்ணங்கள் விழுங்கினாலே அந்த எல்லை நெருங்கிவிடும். வழிகாட்டியோடு போவதற்கு இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை. ருசித்ததைத் துப்புவதற்கென்று ஒவ்வொரு நிலவறையிலும் ஒரு பாத்திரம் வைத்திருப்பார்கள். அதில் துப்புவது அவமரியாதை ஆகாது. தொழில் தெரிந்தவர்கள் அனைவரும் துப்புகிறவர்கள்தான்.

நடத்துகிறவர் யார் என்பதையும் சரிபார்க்க வழி இருக்கிறது. பிரான்ஸில் பயணப் பேக்கேஜ் விற்கும் நிறுவனம் அத்து ஃபிரான்ஸ் என்ற தேசியச் சுற்றுலா முகமையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். ‘ஐஎம்’ என்ற எழுத்துகளோடு தொடங்கும் பதிவு எண்ணை இணையத்தில் யாரும் தேடிப் பார்க்கலாம். பயணிகளின் பணத்துக்கு நிதி உத்தரவாதம் காட்டினால்தான் அந்தப் பதிவு கிடைக்கும். தங்குவதும் பயணமும் சேர்த்து விற்கும் பேக்கேஜை ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் காக்கிறது: முன்பதிவு செய்த பிறகு விலையை 8 சதவீதத்துக்கு மேல் உயர்த்தினால் அபராதமின்றி விலகலாம். இரவு தங்காத ஒரு நாள் உலாவுக்கு இந்தப் பாதுகாப்பு பொருந்தாது. சென்னையிலோ மதுரையிலோ உள்ள முகவரிடம் வாங்கினால் ஒப்பந்தம் அந்த முகவரோடுதான். அங்கே மண்ணில் நடத்தப்போகும் பிரெஞ்சு நிறுவனம் எது என்று அவரிடம் கேட்டுவிடுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் வேறு முகவரைப் பார்ப்பதே நல்லது.

விலையில் எது அடக்கம்? ருசிக்கும் கட்டணம், மதிய உணவு, உணவோடு வரும் ஒயின், தனியாளுக்கான அறைக் கூடுதல், ரயில் டிக்கெட் என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். மலிவான பேக்கேஜில் மதிய உணவு ‘சொந்தச் செலவில்’ என்று இருக்கும். உணவுச் சுற்றுலாவில் மதிய உணவை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பேருந்துதான்.

சைவர்கள் பிரான்ஸுக்குப் போகலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. போகலாம், ஆனால் வாயால் சொல்லிவிட்டுப் போனால் போதாது. கொம்தே, ரோக்ஃபோர் உட்பட மரபான சீஸ்களில் பெரும்பாலானவை கன்றின் அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறையவைக்கப்படுபவை. சாலட்டில் பன்றி இறைச்சித் துணுக்கு, காய்கறிச் சூப்பில் எலும்புச் சாறு, தெற்கே ஆலிவ் விழுதில் நெத்திலி போன்ற மீன் என்று எதிர்பாராத இடங்களில் அசைவம் இருக்கும். ‘சைவம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல் இறைச்சி, மீன், எலும்புச் சாறு, முட்டை, விலங்கு நொதிச் சீஸ் ஆகியவற்றில் எது கூடும், எது கூடாது என்று பட்டியலாக மின்னஞ்சலில் எழுதி, உணவகத்தின் ஒப்புதலைப் பெற்றுத் தரச் சொல்ல வேண்டும். சைவம் கண்டிப்பாக வேண்டும் என்பவர்களுக்கு பர்கண்டியைவிடத் தெற்கே இருக்கும் ப்ரோவான்ஸ் எளிது: காய்கறிகள் அதிகம், எண்ணெய் ஆலிவ் எண்ணெய். நீஸ் நகரின் சோக்கா, கொண்டைக்கடலை மாவில் வார்த்த தோசைதான். பாரிஸ் திரும்பியதும் சாம்பார் சாதம் வேண்டும் என்றால் கார் து நோர் நிலையத்தின் பின்னால் லா ஷப்பேல் பகுதியில் ஈழத்தமிழர்களின் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன.

குடிக்காதவர்களும் இந்தப் பயணத்தில் பாதிச் சீட்டுக்காரர்கள் ஆகிவிடக் கூடாது. பல தோட்டங்களில் திராட்சைச் சாறு உண்டு. நார்மண்டியில் ஆப்பிள் சாறும் கமாம்பேர் சீஸும் போதும், ஒரு நாள் இனிதாகப் போய்விடும். குடிக்காத ஒருவர் குழுவில் இருப்பதைச் சொன்னால் சுற்றுலாவை நன்றாக நடத்துகிறவர் சந்தையையோ சமையல் வகுப்பையோ நிரலில் சேர்ப்பார், கட்டணத்தையும் குறைப்பார்.

எப்போது போவது என்பதிலும் விளம்பரம் வழிதவறச் செய்யும். அறுவடைக் காலம் என்று செப்டம்பரைக் கவர்ச்சியாக விற்பார்கள். ஆனால் அப்போது சிறிய தோட்டக்காரர்கள் விடியலிலிருந்து இரவுவரை வேலையில் இருப்பார்கள். விருந்தினரிடம் பேச நேரமிருக்காது. சிலர் கதவையே திறக்க மாட்டார்கள். ஆகஸ்டில் பல உணவகங்கள் விடுமுறையில். கருப்புக் காளான் எனப்படும் ட்ரஃபிள் பிடித்தவர்கள் குளிர்காலத்தில் போக வேண்டும். ப்ரோவான்ஸின் ரிஷ்ரான்ஷ் கிராமத்தில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடுவரை சனிக்கிழமை காலையில் மொத்தச் சந்தை கூடும். காரின் பின்பெட்டியைத் திறந்து, உள்ளே தராசு வைத்து, தணிந்த குரலில் விலை பேசுவார்கள். ஜனவரியின் மூன்றாம் ஞாயிறு அவ்வூர்த் தேவாலயத்தில் காணிக்கைத் தட்டில் நாணயத்துக்குப் பதில் ட்ரஃபிள்களைப் போடுவார்கள். பூசை முடிந்ததும் அவற்றை ஏலம் விட்டுத் தேவாலயச் செலவுக்கு வைத்துக்கொள்வது வழக்கம்.

மற்ற எல்லோருக்கும் மே, ஜூன் மாதங்களே ஏற்றவை. கொடிகள் துளிர்த்துப் பூக்கும் நேரம், பகல் நீளம், தோட்டக்காரர்களுக்கு மூச்சுவிட அவகாசம் உண்டு. விசாவுக்கும் முன்பதிவுக்கும் சேர்த்து நான்கைந்து மாதம் முன்னதாகவே இரண்டு மூன்று நிறுவனங்களுக்கு ஒரே மின்னஞ்சலை அனுப்பிப் பார்க்கலாம்: எந்தத் தோட்டங்கள், அங்கே யார் பேசுவார், மதியம் எந்த உணவகம், குழுவில் அதிகபட்சம் எத்தனை பேர், பதிவு எண் என்ன. ஒரு நிறுவனம் தோட்டத்தின் பெயரும் உணவகத்தின் பெயரும் போட்டுப் பதில் எழுதும். இன்னொன்று ‘சிறந்த தோட்டங்கள், சுவையான உணவு’ என்று எழுதும். பணத்தை முதல் நிறுவனத்துக்குக் கட்டுங்கள்.